எந்தக் கருவி, எங்கே, யார் கையில்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் மருத்துவம் சாராதவையும் சில உண்டு. "ரத்தம் எடுத்து ஒரு மணி நேரம் ஆயிற்றே, முடிவு இன்னும் கம்ப்யூட்டரில் வரவில்லையா டாக்டர்?" என்பது ஒன்று. "நர்ஸம்மா ஏன் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு போட்டுத்தான் திரையைத் திறக்கிறார்கள்?" என்பது மற்றொன்று. "இந்த வார்டில் வைஃபை நன்றாக எடுக்கிறது, என் போனிலும் அதையே போட்டுக்கொள்ளலாமா?" என்பது மூன்றாவது. கேட்பவர்களுள் பலர் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கங்களிலிருந்து நோயாளியை அழைத்து வந்து, இரண்டு மூன்று இரவுகளாக நாற்காலியிலேயே உறங்கி எழுந்தவர்கள். நின்று விளக்கிச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய்ப்பதில்லை. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேயே இருப்பதால், அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவமனையின் கூரைக்கு மேலும் சுவர்களுக்குள்ளும் ஓடும் கம்பிகளாலும், ஆங்காங்கே கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பெட்டிகள் அனுப்பும் வைஃபை அலைகளாலும் ஆனது எங்கள் கணினி வலையமைப்பு. வரவேற்பறையிலும் மருந்தகத்திலும் நீங்கள் காணும் கணினிகள் அதில் ஒரு பகுதியே. படுக்கையருகே இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், ஆய்வகத்தில் ரத்தத்தைப் பகுத்தாயும் எந்திரம், சி.டி. ஸ்கேன், எக்ஸ்ரே கருவி, நடமாடும் அல்ட்ராசவுண்டு, ரசீது அச்சிடும் பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா, ரத்த வங்கிக் குளிர்பெட்டியின் வெப்பநிலையை அளக்கும் உணர்வி ஆகியவையும் அதனோடு இணைந்தவையே. ஓரளவு பெரிய மருத்துவமனையில் இவ்வாறு இணைந்திருப்பவை ஆயிரத்தைத் தாண்டுவது வியப்பன்று. இவற்றுள் எது இப்போது எங்கே இருக்கிறது, விழித்திருக்கிறதா, அதை இயக்குபவர் யார் என்பதை ஒரே இடத்திலிருந்து அறிவதற்கென மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன. எங்கள் கணினிப் பிரிவினர் தம் அறையில் பெரிய திரை ஒன்றை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

இது கணினிப் பிரிவின் உள்விவகாரம், நோயாளிக்கு இதில் என்ன என்று நினைக்கத் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன், நான் பட்டமேற்படிப்பை முடித்த புதிதில் வேறொரு மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னால் அதற்கு விடை கிடைக்கும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ள நடுவயதுக்காரர் ஒருவர் மாலையில் சேர்க்கப்பட்டார். ரத்தம் ஆய்வகத்துக்குச் சென்றது. வார்டுத் திரையில் அவர் பெயருக்கு நேரே "காத்திருப்பில்" என்ற சொல்லே நெடுநேரம் நின்றது. ஆய்வகத்திலோ முடிவு எப்போதோ வந்துவிட்டது. பொட்டாசியம் லிட்டருக்கு 7.1 மில்லிமோல். ஏறத்தாழ ஐந்துக்குள் நிற்க வேண்டிய அளவு அது. ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நொடியிலும் தாளம் தப்பலாம். ஆபத்தான முடிவு எதையும் தொலைபேசியிலும் சொல்லியாக வேண்டும் என்ற விதியை அன்றைய இரவு ஆய்வக உதவியாளர் தவறாமல் கடைப்பிடித்தார். அவருடைய அழைப்பினால் கால்சியம் ஊசி உடனே போடப்பட்டது; டயாலிசிஸ் தொடங்கியது; நோயாளி பிழைத்தார்.

திரை ஏன் பொய் சொன்னது என்று தேடியவர்களுக்குக் காரணம் கிடைக்க மறுநாள் முற்பகல் ஆயிற்று. ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்தில், ஒரு மேசைக்கு அடியில், கம்பிகளை ஒன்றுசேர்க்கும் சிறு பெட்டி ஒன்று இருந்தது. யாரோ கைபேசிக்கு மின்னேற்றுவதற்காக அதன் செருகியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். செருகியைப் பிடுங்கியவர் மீது எனக்குக் கோபமில்லை. அது என்ன பெட்டி என்று எழுதி ஒட்டப்பட்டிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். அத்தகைய பெட்டி ஒன்று அங்கே இருப்பதே கணினிப் பிரிவின் பதிவேட்டில் இல்லை என்பதுதான் என்னை அன்று திடுக்கிட வைத்தது. இருப்பதே தெரியாத ஒன்று இறந்துபோனால் அதை யார் போய்ப் பார்ப்பார்கள்?

பழைய எண், புதிய எண்

வலையமைப்பில் ஒரு கருவியைக் கண்டுபிடிப்பது எப்படி? நம்மூர்த் தெருக்களில் வீடு தேடுவதைப் போன்றதே அது. நம் வீட்டுக் கதவுகளில் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தபால்காரர் இரண்டையும் அறிந்திருந்தால்தான் கடிதம் வந்து சேரும். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் அவ்வாறே இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஐ.பி. முகவரி. கருவி வலையமைப்பில் நுழையும்போது அதற்குத் தரப்படுவது, விடுதி அறை எண்ணைப் போன்றது, நாளை வேறாகலாம். மற்றொன்று மேக் முகவரி. கருவியின் வலையட்டையில் தயாரிப்பாளரே பொறித்து அனுப்பும் பன்னிரண்டு குறிகளைக் கொண்ட எண் அது. அதன் முதல் ஆறு குறிகளைப் பார்த்தாலே அந்த அட்டையைச் செய்த நிறுவனம் எதுவென்று கூறிவிடலாம். ஆகவே, பெயர் தெரியாத ஒரு கருவி திரையில் தோன்றினாலும், அது ஒரு மானிட்டராக இருக்கலாமா, பிரிண்டராக இருக்கலாமா, வெளியிலிருந்து வந்த கைபேசியாக இருக்கலாமா என்று ஊகிக்க முதல் பிடி கிடைத்துவிடுகிறது.

மென்பொருள் தேடும் முறை எளிமையானது. அது முதலில் ஒவ்வொரு முகவரியையும் "இருக்கிறாயா?" என்று கூப்பிட்டுப் பார்க்கிறது. 1983-இல் எழுதப்பட்ட 'பிங்' என்னும் சிறு நிரலின் வேலை இவ்வளவுதான். இன்றும் உலகெங்கும் அதுவே முதற்படி. பதில் சொன்னவற்றின் பட்டியல் கிடைத்தபின், எந்தப் பெட்டி எந்தத் துளையில் யாரை இணைத்து வைத்திருக்கிறது என்று சுவிட்சுகளிடம் விசாரிக்கிறது. (மின்விசிறிச் சுவிட்சை நினைத்துக்கொள்ள வேண்டாம், கம்பிகள் வந்து கூடும் பெட்டிக்கு இத்துறையில் அதுவே பெயர்.) இந்த விசாரணைக்கென 1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் பொதுமொழியை ரவுட்டர் முதல் பிரிண்டர் வரை பெரும்பாலானவை பேசும். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், இன்ன மானிட்டர் மூன்றாம் மாடியில், இன்ன அறையின் சுவரில் உள்ள, இன்ன எண்ணிட்ட துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பது வரை சொல்லிவிடலாம். கம்பியில்லாத கருவியானால், எந்த வெள்ளைப் பெட்டியோடு அது பேசிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்து இருப்பிடம் தோராயமாகத் தெரியும். நடமாடும் ஈ.சி.ஜி. கருவியை "எந்த வார்டில் விட்டோம்?" என்று செவிலியர் மாடி மாடியாகத் தேடும் அவஸ்தை இதனால் பெருமளவு குறைகிறது. இரவுப் பணியில் இருந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

மருத்துவமனைக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று இதில் உண்டு. அலுவலகக் கணினியை எத்தனை முறை கூப்பிட்டாலும் அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மருத்துவக் கருவிகள் சிலவற்றின் உள்ளே இருப்பவை பழைய மென்பொருள்கள். மளமளவென்று கேள்விகளை அடுக்கினால் அவை திணறி நின்றுவிடக்கூடும். தாமே அணைந்து மீண்டும் எழவும் கூடும். மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திக்கொண்டிருக்கும் பம்புக்கு அந்த நிலை வரவிடலாகாது. எனவே நோயாளியோடு இணைந்த கருவிகள் இருக்கும் பகுதிகளில் கூப்பிடுவதைத் தவிர்த்து, அவை தமக்குள் பேசிக்கொள்வதை ஓரமாக இருந்து கேட்டே கணக்கெடுப்பது நல்ல வழக்கம். நாடி பார்ப்பதற்கும் நெஞ்சில் தட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேனிப் பள்ளத்தாக்கு கற்பித்தது

ஒரே கட்டடத்துக்குள் கருவியைத் தேடுவதே இவ்வளவு நுட்பமானது என்றால், பத்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கருவி பேச்சை நிறுத்தினால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு உலகின் ஆய்வாளர்கள் விடை தேடிய இடங்களுள் ஒன்று நம் மதுரையிலிருந்து மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தேனி.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. கிராமத்து மனிதர் கண் நோய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்கு வரத் தயங்குவார். அவர் ஊருக்கு அருகிலேயே சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, பயிற்சி பெற்ற பணியாளரை அங்கே வைத்து, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரோடு வீடியோ வழியே நோயாளியைப் பேச வைப்பது அம்மருத்துவமனையின் திட்டம். அந்த நாட்களில் போடிநாயக்கனூர், சின்னமனூர் போன்ற ஊர்களில் வீடியோ தெளிவாக ஓடும் அளவுக்கு இணைய வசதி கிடைப்பது அரிது. அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவரின் ஆய்வுக் குழு அங்கேதான் உதவிக்கு வந்தது. வீட்டுக்குள் சில அறைகளைத் தாண்டாத வைஃபை அலையை, ஒரே திசை நோக்கிய ஆன்டெனாக்களைக் கோபுரங்களில் பொருத்தி, மென்பொருளையும் அதற்கேற்ப மாற்றி, பல கிலோமீட்டர் தூரம் பாயச் செய்தார்கள். தேனி மருத்துவமனையும் சுற்றியுள்ள மையங்களும் இவ்வாறு இணைந்தன.

அதைப் பொருத்தியதைவிட, தொடர்ந்து உயிரோடு வைத்திருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா முதலிய அக்குழுவினர் மூன்றாண்டு அனுபவத்தைத் தொகுத்து 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அந்தச் சமயத்தில் மாதத்துக்கு மூவாயிரம் கிராமத்து நோயாளிகள் அவ்வலையமைப்பின் வழியே மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இமாச்சலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் இயங்கிய மற்றொரு வலையமைப்பின் அனுபவமும் அதில் உண்டு. கிராமப்புறங்களுக்கென்று உருவாக்கப்படும் கணினி ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை சோதனைக் கட்டத்தைத் தாண்டுவதில்லை என்று தொடங்கும் அக்கட்டுரை, அதற்கான காரணங்களை ஒளிக்காமல் அடுக்குகிறது. முதற்காரணம் மின்சாரம். அது நின்றுபோவது மட்டுமன்று. வரும்போது ஏறியும் இறங்கியும் வந்து கருவியின் உள்ளுறுப்புகளைக் கெடுத்துவிடுகிறது. நம் வீட்டுக் குழல்விளக்கு மாலையில் மினுக்கி மினுக்கி எரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்த காரணம் இன்னும் நுட்பமானது. தூரத்து ரவுட்டர் ஒன்று பேசாமற்போனால், அதற்கு என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதற்கு இருக்கும் ஒரே வழியும் அந்த அறுந்துபோன இணைப்புதான். மின்சாரம் போயிற்றா, ஆன்டெனா காற்றில் திரும்பிவிட்டதா, மென்பொருள் உறைந்ததா என்பது எட்ட இருப்பவருக்குத் தெரியாது. நிபுணர் ஒருவர் வண்டி ஏறிச் சென்று பார்த்தால்தான் உண்டு. பெரும்பாலும் அவர் செய்வது அணைத்துவிட்டு மீண்டும் போடுவதாகவே இருக்கும்.

இதற்கு அக்குழு கண்ட தீர்வுகள் மருத்துவனாகிய எனக்கு மிகவும் பழக்கமானவை. தூரத்துக் கருவிகள் யாரும் கேட்கும்வரை காத்திராமல், குறித்த இடைவெளியில் தாமே தலைமையிடத்தை அழைத்து "நலம்; மின்னழுத்தம் இவ்வளவு; அலை வலிமை இவ்வளவு" என்று சொல்லும்படி செய்தார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. முதன்மை வழி அறுந்தால் விசாரிப்பதற்கென வேறொரு மெல்லிய பின்வழியை வைத்தார்கள். கருவி உறைந்துவிட்டால், அதைக் கவனித்துத் தானே மீண்டும் எழுப்பும் காவல் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். அதோடு, உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழுது பார்க்கப் பயிற்சி தந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டரின் ஒலி நின்றுபோனால் நாங்கள் நிம்மதி அடைவதில்லை, ஓடிப்போய்ப் பார்க்கிறோம். நோயாளியின் விரலில் உள்ள கவ்வி நழுவியிருக்கலாம், நோயாளியே தளர்ந்திருக்கலாம். பேசாதிருப்பதும் ஒரு செய்தி என்பதைக் கருவிகளின் விஷயத்திலும் அதே கண்டிப்போடு செயல்படுத்தினார்கள் தேனியில். இன்று பெரிய மருத்துவமனைகளில் உள்ள மேலாண்மைத் திரைகளில் பச்சைப் புள்ளி சிவப்பாக மாறுவதும் இதே நெறிப்படிதான்.

அறையும் கதவும்

கருவிகளின் பட்டியல் கையில் இருப்பது பழுதுக்கு மட்டும் உதவுவதன்று. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. இங்கிலாந்தின் தேசிய நலப்பணியில் 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளுள் 80 பாதிக்கப்பட்டன. பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தாயிருக்கலாம் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கைத் துறை பின்னர் தன் அறிக்கையில் தெரிவித்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. மருந்து கடையில் இருந்தது. யார் யாருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்ற பட்டியல் இல்லாவிட்டால் மருந்து இருந்து என்ன பயன்?

நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. பதிவுச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை கையால் எழுத வேண்டிய நிலை பல நாட்கள் நீடித்தது. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று பின்னர் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. காரணமாக அரசு சுட்டியது, வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமை. அதாவது, ஒரு வீட்டில் முன்வாசல் திறந்தால் கூடம், சமையலறை, பூசையறை என எல்லாம் தடுப்பின்றித் திறந்து கிடப்பதைப் போன்ற நிலை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வார்டில் நன்றாக எடுக்கும் அந்த வைஃபை, மானிட்டர்களும் மருந்துப் பம்புகளும் பேசிக்கொள்ளும் உள்ளறை. பார்வையாளர்களுக்கென்று தனியாக உள்ள வைஃபை ஒரு திண்ணை. திண்ணையில் அமர்பவருக்கு மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. உங்கள் கைபேசியில் உங்களுக்கே தெரியாமல் ஏதேனும் தீநிரல் குடியிருந்தாலும் அது உள்ளறைக்கு வரமுடியாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பணியாளர் யாரேனும் இரக்கப்பட்டு உள் வைஃபையின் கடவுச்சொல்லைக் கூறினாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இணைத்த சில நிமிடங்களில் பெயர் தெரியாத ஒரு கருவி கணினிப் பிரிவின் திரையில் தோன்றும். அவர்கள் அதைத் துண்டிப்பார்கள். இரக்கப்பட்டவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும்.

மின்னேற்றுவதைப் பற்றியும் ஒரு சொல். கைபேசிக்கு மின்னேற்ற வார்டுக் கணினியிலோ மானிட்டரிலோ உள்ள யு.எஸ்.பி. துளையைப் பயன்படுத்த வேண்டாம். அது மின்சாரம் மட்டும் செல்லும் வழியன்று. சிவப்பு நிறச் செருகிகளையும், எண் ஒட்டிய சிறு பெட்டிகளையும் தொடாதிருப்பது நலம். அந்தப் பொட்டாசியம் நோயாளியின் கதையை நினைவில் கொள்ளுங்கள்.

யார் பார்த்தார்கள் என்னும் பதிவு

கருவியைக் கண்டறிவது பாதி. கருவியை இயக்கும் மனிதரை அறிவது மறுபாதி. செவிலியர் ஒவ்வொரு முறையும் தம் பெயரில் நுழைந்து, வேலை முடிந்ததும் வெளியேறுவது ஏன் என்று கேட்டீர்கள். உங்கள் தந்தையின் கோப்பை யார் எப்போது திறந்தார், எந்த மருந்தின் அளவை யார் மாற்றினார், எந்தக் கணினியில் இருந்து என்பது ஒவ்வொன்றும் பதிவாகிறது. மருந்தளவில் ஐயம் எழுந்தால், நள்ளிரவு இரண்டு மணிக்கு அதை எழுதிய மருத்துவரை நேரே அழைத்து விசாரிக்க இப்பதிவு உதவும். பொதுவான ஒரே கடவுச்சொல்லை வார்டு முழுவதும் பகிர்ந்துகொண்டால் அந்தப் பதிவில் இருப்பது "வார்டு" என்ற சொல் மட்டுமே. மனிதர் எவரும் இல்லை. அவசரத்தில் நேரம் மிச்சமாகும் என்று சொல்லி இப்படிச் செய்யும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நான் அதற்கு முற்றிலும் எதிரானவன். மிச்சமாவது சில நொடிகள்.

இதற்கு உரிமை சார்ந்த பக்கமும் ஒன்று உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநெறிகளின்படி, பதிவில் உள்ள தகவல் நோயாளிக்கே உரியது. மருத்துவமனை அதை அவர் சார்பில் நம்பிக்கைப் பொருளாக வைத்திருக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவை வைத்திருப்பவர்களுக்கு அதைக் காக்கும் கடமையைச் சுமத்துகிறது. ஊரில் பெயர் பெற்ற ஒருவர் சேர்க்கப்பட்டால், "என்ன நோயாம்?" என்று எட்டிப்பார்க்கும் ஆவல் மருத்துவமனைக்குள்ளும் எழும், மனித இயல்பு அது. சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர் அக்கோப்பைத் திறந்தால் அவர் பெயர் பதிவில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதே அந்த ஆவலுக்குக் கடிவாளம். பெயர் பெறாத நோயாளிக்கும் அதே கடிவாளம் தேவை. குடும்பத்துக்குள் சொல்லப்படாத நோய்களும், திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் வெளியே போகக்கூடாத ஆய்வு முடிவுகளும் எங்கள் கோப்புகளில் இருக்கின்றன. அவசர நிலையில், வழக்கமாக அனுமதி இல்லாத மருத்துவரும் கோப்பைத் திறக்க வழி உண்டு. காரணத்தை எழுதிவிட்டுத்தான் திறக்க முடியும், பின்னர் அது தணிக்கைக்கும் போகும்.

ஆகவே, பழகிய செவிலியரிடம் "உங்கள் ஐடியில் ஒரு தடவை ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அடுத்த வார்டில் உள்ள உறவினருக்காகக் கேட்காதீர்கள். அவரால் முடியாது என்று சொல்வது மனமில்லாமையால் அன்று.

உங்கள் கைபேசியை நாங்கள் வேவு பார்க்கிறோமா என்றும் சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்வையாளர் வைஃபையில் நீங்கள் இணைந்தால், ஒரு கருவி இணைந்திருக்கிறது, எந்த வெள்ளைப் பெட்டிக்கு அருகில் இருக்கிறது, எவ்வளவு தரவு பயன்படுத்துகிறது, எந்தத் தளங்களோடு தொடர்புகொள்கிறது என்பவை மேலாண்மை மென்பொருளுக்குத் தெரியக்கூடும். வாட்ஸ்அப்பில் நீங்கள் மகளுக்கு எழுதிய வரிகளோ, வங்கிச் செயலியில் அடித்த எண்ணோ தெரியாது. அவை கைபேசியிலிருந்து கிளம்பும்போதே பூட்டப்பட்டே செல்கின்றன. இருப்பினும், யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் கருவி எதுவும் தவறான கையில் தீங்கு செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. அந்தத் திரையைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் சிலராக இருப்பதும், அவர்கள் பார்த்ததும் பதிவாவதும் அதனாலேயே அவசியம்.

"நேற்றுதான் பெயரும் எண்ணும் கொடுத்து வைஃபையில் நுழைந்தேன், இன்று மறுபடியும் கேட்கிறதே" என்ற குறையும் வருகிறது. மேலே சொன்ன மேக் முகவரியை அண்மைக் காலத்துக் கைபேசிகள் மறைத்துக்கொண்டு, வலையமைப்புக்கு ஏற்ப வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. கடைதோறும் உங்களைப் பின்தொடராமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. அந்த எண் மாறினால் எங்கள் வலையமைப்புக்கு நீங்கள் புதியவராகத் தெரிவீர்கள். மீண்டும் ஒருமுறை நுழைந்தால் போதும். வரவேற்பறையில் எழுதி ஒட்டியிருக்கும் பெயரைச் சரிபார்த்துக்கொண்டு இணையுங்கள். ஏறக்குறைய அதே பெயரில், கடவுச்சொல்லே கேட்காத வேறொரு வைஃபை தென்பட்டால் அது எங்களுடையதன்று. அதைக் காவலரிடமோ செவிலியரிடமோ சொன்னால் கணினிப் பிரிவினர் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் வலையமைப்பு நிற்கும் நாள் வரும். அன்று வார்டு மேசையில் இருக்கும் சிவப்புக் கோப்பை எடுத்து, மருந்துச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை விண்ணப்பத்தையும் செவிலியர்கள் கையால் எழுதுவார்கள்; ஆய்வக முடிவுகள் தொலைபேசியில் வரும்; ஒவ்வொன்றையும் கேட்டவர் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்வார். வழக்கத்தைவிடத் தாமதமாகும். அந்த நேரத்தில் நோயாளி தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் ஒவ்வாமை விவரமும் உங்கள் கையில் ஒரு தாளில் இருந்தால், அது எங்கள் எல்லாச் சர்வர்களையும்விட விரைவாக வேலை செய்யும். தாள் இல்லாதவர்கள் வெளிநோயாளி மருந்தகத்தில் கேட்டால் அச்சிட்ட படிவம் கிடைக்கும், தமிழிலேயே எழுதலாம்.